மலையடிவாரத்துத் தீவுகள்

1910-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து தலா ஒரு துண்டு எடுத்து இராமநாதபுரம் மாவட்டத்தை வெள்ளைக்கார அரசு உண்டாக்கியது. திருநெல்வேலியிலிருந்து வந்த துண்டில் ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் இருந்தன. மதுரையிலிருந்து வந்த துண்டில் இராமேசுவரம் இருந்தது. அந்த மாவட்டத்தின் பழைய வரைபடத்தை விரித்தால், இடது ஓரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கோடுகள் நெருக்கியடித்து நிற்கும். வலது ஓரத்தில் தனுஷ்கோடி கடலுக்குள் நீண்டு கிடக்கும். 1985-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரிக்கும்வரை, முக்கால் நூற்றாண்டு, கடலையே பார்க்காத கரிசல்காட்டுச் சம்சாரியும் ஒரு தீவு மாவட்டத்தின் குடிமகனாகத்தான் இருந்தான். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் நெடுங்காலம் மதுரையில், அதாவது மாவட்டத்துக்கு வெளியே இருந்தது.

வெப்பமண்டலத் தீவுகளின் பழைய வரைபடங்களைச் சேகரிப்பது உலகில் பலருக்கும் உள்ள பித்து. ஒருவர் கரீபியன் தீவுகளைத் தேடுவார். ஒருவர் ஜாவா, சுமத்ரா என்று போவார். நமக்கு அருகில் கிடைப்பது இலங்கை. ஐரோப்பாவில் அச்சு தொடங்கிய காலத்திலிருந்தே இவ்வளவு திரும்பத் திரும்ப வரையப்பட்ட தீவுகள் அதிகம் இல்லை. அச்சு வரைபடங்களைச் சில ஆண்டுகளாகப் புரட்டிவருகிறவன் என்ற முறையில் எனக்குப் பட்டது இது: தீவு வரைபடம் தீவைப் பற்றிச் சொல்வதைவிட, வரைந்தவன் எந்தக் கரையில் நின்றான் என்பதைத்தான் கூடுதலாகச் சொல்கிறது. அப்படியென்றால் சேகரிப்பவன் எங்கே நிற்கிறான் என்பதையும் கேட்கத்தான் வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்து இலங்கையைச் சேகரிப்பதும் இராஜபாளையத்தில் உட்கார்ந்து சேகரிப்பதும் ஒன்றாக இருக்க முடியாது.

*

தீவின் மேல் சேகரிப்பாளனுக்கு ஏன் இந்த மோகம்? நிலப்பகுதியை வரையும்போது எங்கேயோ ஓரிடத்தில் நறுக்கத்தான் வேண்டும். சட்டத்துக்கு வெளியே நாடு தொடர்ந்துகொண்டே இருக்கும். தீவு அப்படியல்ல. கோடு தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து மூடிக்கொள்கிறது. முழுதாகக் கைக்கு அடங்கிவிட்டது போன்ற ஒரு மயக்கத்தை அது தருகிறது. இந்த மயக்கத்தை இத்தாலியர்கள் முதலிலேயே வியாபாரமாக்கிவிட்டார்கள். தீவுகளை மட்டும் தொகுத்துத் தனி நூல்களாகப் போட்டார்கள். பெனடெட்டோ போர்தோனேயின் தீவு நூல் 1528-இல் வெனிஸில் வந்தது. தொம்மாசோ போர்க்காக்கியின் நூல் 1572-இல் வந்தது. வெனிஸ் பிரபு, வீட்டை விட்டு எழாமல், பக்கத்துக்கு ஒரு தீவாக உலகத்தைப் புரட்டலாம். தீவு ஒரு சேகரப் பொருளாக ஆனது அங்கேதான். அதை உடைமையாக்கிக்கொள்ளக் கப்பல்கள் போனதும் அதே காலம்தான் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

அவர்களுக்கெல்லாம் மூத்தவர் தாலமி. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் இருந்தவர். அவர் வரைந்த படம் எதுவும் நம் கைக்கு வரவில்லை. ஏறத்தாழ 8,000 இடங்களின் பெயர்களும் அவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்குகளும்தான் வந்தன. அந்தக் கணக்கை வைத்துப் பிற்காலத்தார் படம் வரைந்தார்கள். 1477-இல் பொலோஞாவிலும் 1482-இல் உல்மிலும் அவை அச்சேறின. அந்தப் படத்தில் நம் தரப்புக்கு ஒரு பெரிய அதிர்ச்சி காத்திருக்கிறது. இந்தியாவின் முக்கோணமே அதில் இல்லை. கடற்கரை மேற்கிலிருந்து கிழக்காகத் தட்டையாக ஓடுகிறது. தெற்கே இறங்க வேண்டிய தீபகற்பம் நசுங்கிப்போயிருக்கிறது. அதற்குக் கீழே இலங்கை, தப்ரபேன் என்ற பெயரில், உண்மை அளவைப்போலப் பல மடங்கு ஊதிப் பெருத்து, பூமத்திய ரேகையையும் தாண்டிப் படுத்திருக்கிறது.

இத்தனைக்கும் பாண்டிய நாட்டை தாலமி அறியாதவரல்ல. பாண்டியனின் தலைநகராக மதுரை வருகிறது, துறைமுகமாகக் கொற்கை வருகிறது, குமரி வருகிறது. கோரி என்றொரு முனையும் தீவும் வருகின்றன; அறிஞர்கள் அதைத் தனுஷ்கோடிப் பக்கம் வைத்துப் பார்க்கிறார்கள். ஊர்கள் எல்லாம் இருக்கின்றன, அவற்றைத் தாங்க நிலம்தான் இல்லை. கப்பல்காரனும் வியாபாரியும் சொன்ன பயண நாட்களைத் தூரமாக மாற்றியதில் வந்த வினை இது என்பார்கள். கரையோரம் ஒதுங்கி ஒதுங்கிப் போகிறவனுக்குத் துறைகள்தான் கண்ணில் படும். துறைக்குப் பின்னால் மலைவரை கிடக்கும் காடு மேடு எதுவும் படாது. முத்தும் மிளகும் வந்து சேரும் இடம் அவனுக்குத் தெரியும். அவை எங்கிருந்து வருகின்றன என்பது தெரிய வேண்டிய அவசியமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கும் இடம் அந்தப் படத்தில் விட்டுப்போன இடம்கூட இல்லை, அமுங்கிப்போன இடம்.

இலங்கைக்கு முன்னால் 1,378 தீவுகள் இருப்பதாகச் சொல்லப்படுகிறது என்றும் தாலமி எழுதிவைத்தார். மாலத்தீவுக் கூட்டமாக இருக்க வேண்டும். யானை மேயும் நிலம் என்று தெற்கில் ஓரிடத்தையும் குறித்தார். ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழித்து, 1540-இல் பாசலில் செபாஸ்டியான் மூன்ஸ்டர் தாலமியைப் பதிப்பித்தபோது, அந்த யானை மரச்செதுக்குப் படமாகவே வந்து தீவின் பக்கத்தில் நின்றுகொண்டது. இன்று அந்தத் தாளை வாங்குகிறவர்களில் பாதிப்பேர் யானைக்காகத்தான் வாங்குகிறார்கள் என்று நினைக்கிறேன்.

*

பழைய வரைபடச் சந்தையில் தப்புக்கு விலை அதிகம். கலிபோர்னியாவைத் தீவாகக் காட்டும் 17-ஆம் நூற்றாண்டுப் படங்களுக்கென்றே தனிச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். நம் பக்கத்துத் தப்பும் சளைத்ததல்ல. போர்த்துக்கீசியர் இலங்கையைச் சுற்றி வந்து சரியான வடிவத்தில் வரையத் தொடங்கிய பிறகு, தாலமி சொன்ன அந்தப் பிரம்மாண்டத் தீவு எங்கே போயிற்று என்ற குழப்பம் வந்தது. பெரியவர் சொன்னது பொய்யாக இருக்க முடியாது. ஆகவே தப்ரபேன் என்பது சுமத்ராதான் என்று 16-ஆம் நூற்றாண்டில் பலர் முடிவு கட்டினார்கள். பெயரைக் கழற்றி ஆயிரம் மைல் கிழக்கே கொண்டுபோய் மாட்டினார்கள். 1578-இல் மெர்கேட்டர் தாலமியின் படங்களுக்குச் செப்புத் தகடு வெட்டினார். அந்தத் தகடுகளிலிருந்து 1730 வரை அச்சடித்தார்கள். இலங்கைக் கரையை டச்சுக்காரர்கள் அங்குலம் அங்குலமாக அளந்து முடித்த பிறகும் ஊதிப்போன பழைய இலங்கை விற்றுக்கொண்டேதான் இருந்தது.

டச்சுக்காரர்களின் படங்கள் வேறு ரகம். பிலிப்புஸ் பால்டேயுஸ் என்ற பாதிரியார், 1658-இல் யாழ்ப்பாணம் டச்சுக்காரர் கைக்கு வந்ததும் அங்கே ஊழியத்துக்குப் போனார். சில ஆண்டுகள் இருந்தார். 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் அவருடைய பெரிய நூல் வந்தது. மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை மூன்றையும் பற்றியது. தமிழ் எழுத்துகளையும் அதில் தகட்டில் வெட்டிக் காட்டியிருக்கிறார். யாழ்ப்பாணத்தைச் சுற்றியுள்ள தீவுகளுக்கு டச்சு ஆட்சியில் ஹாலந்து நகரங்களின் பெயர்கள் விழுந்தன. நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆனது, காரைதீவு ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லெம். அந்தப் படங்களில் கரை துல்லியம், கோட்டைகள் துல்லியம், ஆழம் துல்லியம். தீவில் குடியிருப்பவன் தன் ஊரை என்னவென்று அழைக்கிறான் என்பது மட்டும் தேவைப்படவில்லை. அவனும் அந்தப் பெயர்களைச் சட்டை செய்யவில்லை. டெல்ஃப்ட் ஒன்றுதான் ஓரளவு நிலைத்தது.

இந்த வரிசைக்குள் அடங்காமல் நிற்கும் படம் ராபர்ட் நாக்ஸுடையது. ஆங்கிலேயக் கப்பலோட்டி, 1660-இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்த நாட்டுக்குள்ளேயே வாழ்ந்தார். சில்லறைச் சாமான் தூக்கி ஊர் ஊராக விற்றார். 1679-இல் அனுராதபுரம் வழியாக, ஆற்றங்கரைக் காட்டைப் பிடித்துக்கொண்டு நடந்து, மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் இருந்த டச்சுக் கோட்டையில் வந்து ஏறினார். 1681-இல் வந்த அவர் நூலில் கண்டி இராச்சியத்தின் வரைபடம் இருக்கிறது. மற்றவர்களெல்லாம் கடலிலிருந்து தீவைப் பார்த்தார்கள். இவர் தீவுக்குள்ளிருந்து கடலைத் தேடினார். கைதி வரைந்த வரைபடத்தில் அக்கறை எல்லாம் பாதையின் மேல்தான் இருக்கும்.

*

தாளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கையில் வருவது தாள்தான்.

தனித்தாளாகக் கிடைக்கும் பழைய வரைபடங்களில் பெரும்பாலானவை புத்தகத்திலிருந்து பிரித்து எடுக்கப்பட்டவை. அட்லஸை முழுதாக விற்பதைவிடப் பக்கம் பக்கமாக விற்றால் வியாபாரிக்கு லாபம். நடுவில் ஓடும் மடிப்பும், பின்புறம் இருக்கும் லத்தீன், டச்சு அல்லது பிரெஞ்சு வாசகமும் அந்தப் பிரிவின் தழும்புகள். எந்தப் பதிப்பு என்று கண்டுபிடிக்கவும் அந்தப் பின்புற வாசகமே உதவும். செப்புத் தகட்டின் மேல் ஈரத்தாளை வைத்து அழுத்தியதில் ஓரத்தைச் சுற்றிப் பள்ளமாக ஒரு கோடு விழுந்திருக்கும். விரலால் தடவினால் தெரியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், கம்பிச் சல்லடையில் வார்த்த காகிதத்தின் வரிகளும் உற்பத்தியாளனின் நீர்க்குறியும் தெரியும். தகட்டுக் கோடும் காகித வரிகளும் இல்லையென்றால் நம்மிடம் இருப்பது பிற்கால நகலாக இருக்கலாம். பெல்லின் என்ற பிரெஞ்சுக்காரர் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் வெளியிட்ட இலங்கைப் படங்களில் சில, நூல்களில் மடித்து வைத்துத் தைக்கப்பட்டவை; அவற்றில் மடிப்பு இருப்பது குறையல்ல.

அச்சான வெப்பமண்டலத் தீவுகள் குளிர் நாட்டில்தான் பிழைத்தன. தீவின் ஈரக்காற்றில் காகிதம் பூத்துப்போகும். செல்லும் இராமபாணப் பூச்சியும் மிச்சத்தை முடிக்கும். கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி, மலை மறைவில் காய்ந்து கிடக்கும் நம் ஊர் இந்த விஷயத்தில் கொழும்பைவிட, தூத்துக்குடியைவிடப் பரவாயில்லை. நில அளவைத் தாள்களைத் துண்டுகளாக வெட்டி, பின்னால் மெல்லிய பருத்தித் துணி ஒட்டி மடித்து வைப்பது அந்தக் காலத்து வழக்கம். துணி ஒட்டிய தாள்தான் மடிப்பில் கிழியாமல் வந்து சேர்ந்திருக்கிறது. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்து உலகத்துக்கே அனுப்புகிறார்கள். அந்தத் தறிச்சத்தத்துக்கு நடுவே இருந்து யோசித்தால், பழைய வரைபடமும் ஒரு நோயாளிதான் என்று தோன்றுகிறது.

*

கடல் இல்லாத ஊருக்குக் கடல் எப்படி வந்து சேரும்? உப்பாக வரும், கருவாடாக வரும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அது சங்காகவும் வந்தது. நாச்சியார் திருமொழியின் ஏழாம் பத்து முழுவதும் அவ்வூர் ஆண்டாள் சங்கைப் பார்த்துக் கேட்கும் கேள்வி. கடலில் பிறந்து, பெருமாளின் கைக்கும் வாய்க்கும் போய்ச் சேர்ந்த அதன் பாக்கியத்தை விசாரிக்கிறாள். சங்கு குளிப்பும் முத்துக் குளிப்பும் கொற்கைக் காலத்திலிருந்தே மன்னார் வளைகுடாவின் தொழில்கள். கடலில் கால் நனைத்தாளோ இல்லையோ, அங்கிருந்து வந்த பொருளிடம் என்ன கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வரைபடம் சேகரிக்கிறவன் கற்றுக்கொள்ள வேண்டிய முறையும் அதுதான். நீ எங்கே பிறந்தாய், யார் கையில் இருந்தாய், எதைக் கண்டாய் என்று பொருளையே கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டால் சில தாள்கள் வாய் திறக்கும். முத்துப் படுகைகளின் வரைபடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் நின்று பார்த்தால் வெறும் தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு அடியில் உள்ள ஒவ்வொரு பாருக்கும் குளியாளிகள் பெயர் வைத்திருந்தார்கள். தூத்துக்குடிக்கு எதிரே தொள்ளாயிரம் பார் என்றே ஒன்று உண்டு. படுகைகளை மேற்பார்த்த ஆங்கிலேய அதிகாரிகளுக்கு அந்தப் பெயர்களை எழுதிக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. டச்சுக்காரர்கள் தீவுக்கு டெல்ஃப்ட் என்று பெயர் வைத்ததைப்போல, கடலடிப் பாருக்கு லண்டன் என்று பெயர் வைக்க இவர்களால் முடியவில்லை. மூச்சடக்கி இறங்கியவனுக்குத்தான் அந்த இடம் தெரியும்.

வாயே திறக்காத தாள்களும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்குத் தப்பிக் கங்காணிக்குப் பின்னால் போனவர்கள் முதலில் இலங்கையின் காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் போனார்கள். இராமேசுவரக் கரையில் படகேறி, தலைமன்னார், அரிப்பு முதலிய இடங்களில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைவரை நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். நாக்ஸ் தப்பி வெளியே வந்த அதே வறண்ட காட்டுப் பக்கம்தான். அவர் கடலை நோக்கி நடந்தார். நம்மவர்கள் இரண்டு நூற்றாண்டு கழித்துக் கடலிலிருந்து உள்ளே நடந்தார்கள். அவர் நடை நூலாகி, வரைபடமாகி, டேனியல் டீஃபோவின் தீவு நாவலுக்கும் தூண்டுதலாக இருந்தது என்று சொல்லப்படுகிறது. இவர்களுடைய நடைக்கு ஒரு தாளும் கிடையாது. தோட்ட முதலாளிகள் வெளியிட்ட அழகான வரைபடங்களில் தோட்டங்களின் எல்லை உண்டு, ஏக்கர்க் கணக்கு உண்டு. ஆட்கள் வந்த வழி இல்லை.

1914-இல் பாம்பன் பாலம் திறந்தது. ரயில் தனுஷ்கோடிவரை போயிற்று; அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். இராமேசுவரம் தீவு ஒரு ரயில்வே சந்திப்பாக மாறிய ஐம்பது ஆண்டுகள் அவை. 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும் என்று கணக்குப் போட்டது. அதே ஆண்டு டிசம்பர் 22 இரவு வந்த புயலில் தனுஷ்கோடி போயிற்று, பயணிகளோடு ரயிலும் போயிற்று. திரும்பி வருகிறவர்களின் எண்ணிக்கை முடிவான சில வாரங்களில் அவர்கள் வந்து இறங்க வேண்டிய துறை இல்லாமல் போனது.

*

அதனால்தான் எனக்கு இப்போது 1672-ஐவிட 1930-கள், 40-கள், 60-களின் தாள்கள் மேல் நாட்டம் போகிறது. தனுஷ்கோடிவரை ரயில் கோடு போட்ட இந்திய நில அளவைத் துறைத் தாள், தென்னிந்திய ரயில்வேயின் வழித்தட வரைபடம், பழைய இராமநாதபுரம் மாவட்டப் படம் ஆகியவை யாரும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாதவை. யானை இல்லை, கப்பல் இல்லை, கடல் அரக்கன் இல்லை. ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் பவளப்பாறை வெட்டியதில் தண்ணீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு சுருங்கிச் சுருங்கி, கடலுக்குள் செயற்கைத் திட்டுகள் இறக்கித் தாங்கிப் பிடிக்க வேண்டிய நிலைக்கு வந்தது. இந்தத் தீவுகள் முழு உடம்போடு இருப்பது பழைய தாள்களில் மட்டும்தான். தப்ரபேன் படத்தில் இல்லாத தீவு பெரிதாக இருக்கிறது. இந்தத் தாள்களில் இருந்த தீவு இருக்கிறது.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. டச்சுக்காரன் வரைந்த இலங்கையைப் பணமிருந்தால் யாரும் வாங்கலாம். நம் கரையோரத்து நில அளவைத் தாள்களோ பாதுகாப்புக் காரணம் சொல்லி நெடுங்காலம் பொதுமக்களுக்கு விலக்கப்பட்டிருந்தன. 2005-இன் தேசிய வரைபடக் கொள்கையும் 2021-இன் புதிய வழிகாட்டுதல்களும் வந்த பிறகுதான் கதவு திறந்தது. அந்நியன் நம் கடலை எப்படிப் பார்த்தான் என்பது கடையில் கிடைத்தது; நாம் எப்படி அளந்தோம் என்பது பீரோவுக்குள் இருந்தது. கச்சத்தீவு 1974-இல் கைமாறிய விவகாரத்திலும் நம் பக்கம் அதிகம் பேசப்பட்டவை இராமநாதபுரம் ஜமீனின் குத்தகைப் பத்திரங்கள். 285 ஏக்கர்த் தீவின் மேல் உரிமையை நிறுவ அழகான வரைபடத்தைவிட அழுக்கான பத்திரம்தான் கைகொடுக்கும் என்று நம்பியிருக்கிறோம்.

பெருஞ்சேகரங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹைதராபாத் கலாகிருதி காப்பகத்தின் வரைபடங்கள் 2015-இல் தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தபோது, இந்தியர் கையால் எழுதிய தல வரைபடங்களும் அச்சு வரைபடங்களும் ஒரே கூரையின் கீழ் வந்தன. கொழும்பில் நில அளவைத் தலைமை அலுவலகத்தில் இருந்த பழைய வரைபடங்களுக்கு புரோகியரும் பௌலஸும் 1951-இலேயே விளக்க அட்டவணை போட்டுவிட்டார்கள். அதெல்லாம் பணமும் பதவியும் உள்ள இடங்களில் நடக்கும், நடக்கட்டும்.

நமக்கு முன்மாதிரி இன்னும் பக்கத்தில் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். நூல்களோடு அழைப்பிதழ், நாடக நோட்டீஸ் என்று பிறர் குப்பையில் போடுவதையும் சேர்த்துவைத்தார். 1992-இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிச் சென்னையிலேயே நூலகமாக்கியது. அவருடைய கோட்டையூரும் அந்தப் பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அரிதானதைத் தேடிப் போகாமல், இன்று மலிவாகக் கிடப்பதில் நாளை கிடைக்காமல் போகப்போவது எது என்று அவர் பார்த்தார்.

இந்தக் கண்ணோடு ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வீடுகளின் பரண்களைப் பார்க்கலாம். இலங்கையிலிருந்து திரும்பியவர்களின் பயண அனுமதிச் சீட்டு, மண்டபம் முகாமில் கொடுத்த தாள், கண்டியிலிருந்து வந்த மணியார்டர் ரசீது, பள்ளிக்கூடத்து மாவட்ட வரைபடம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கிடைக்காத தெரு அபூர்வம். அசலை வீட்டாரிடமே விட்டுவிட்டுப் படியெடுத்து, ஊர் நூலகத்தில் ஒரு பிரதி வைத்தால் போதும். மாத்தளைக்கு நடந்தவர்களின் பாதையை இனி யாராவது வரைய நினைத்தால், அதற்கான ஆதாரம் ஆம்ஸ்டர்டாம் ஏலத்தில் வராது. இந்தப் பரண்களில்தான் இருக்கிறது. இப்படிப் படியெடுத்து வைக்க, மூன்ஸ்டரின் யானைக்குக் கொடுக்கும் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. வீடு மாற்றும்போதும் வெள்ளையடிக்கும்போதும் அந்தத் தாள்கள் பழைய பேப்பர்காரரிடம் போய்க்கொண்டிருக்கின்றன என்பதால், இதைச் செய்வதென்றால் இப்போதே செய்ய வேண்டும்.